இரவு வானைப் படம்பிடித்தோர்

1871ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆந் திகதி காலையிலே யாழ்ப்பாணத்து வானிற் சூரியன் முற்றாக மறைந்தது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் வாழ்ந்திருந்த காலம் அது. கிரகணத்தை முன்கூட்டியே கணித்தறிவது நம்மவர்க்குப் புதிதன்று. 1825இல் புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜோன் வொறன் என்னும் ஐரோப்பியர் அதனைத் தமது ‘காலசங்கலித’ நூலிற் பதிந்து வைத்துள்ளார். ஆகவே 1871இல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்தது கணிதமன்று. மரப்பெட்டிக் கமராவும், மருந்து பூசி ஈரம் உலராத கண்ணாடித் தகடுகளுமே புதிதாக வந்தவை.

இலங்கையின் நில அளவைத் தலைவராயிருந்த கப்டன் பையர்ஸ் அவர்களும் கப்டன் ஹொக் முதலானோரும் யாழ்ப்பாணத்தில் நின்று அக்கிரகணத்தை நோக்கினர், படமும் எடுத்தனர். திருகோணமலையில் மோஸ்லி என்னும் உயிரியல் அறிஞர் நின்றார். புதுக்கோட்டையிலும், மானந்தவாடியிலும், இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையிலும் வேறு குழுவினர் நின்றனர். இவ்வளவு பேரையும் ஒழுங்குசெய்து அழைத்து வந்தவர் நோர்மன் லொக்கியர். அவர் வானசாஸ்திரத்துக்கு வந்த வழி விநோதமானது. இலண்டனில் யுத்த இலாகாவில் இலிகிதராகக் கடமை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்திலே தம் வீட்டுத் தொலைகாட்டியாற் சூரியனை ஆராய்ந்தவர் அவர்.

அவர்கள் தீர்க்க வந்த வழக்கு ஒன்றிருந்தது. சூரியன் முற்றாக மறையும்போது அதனைச் சுற்றி முத்துநிற ஒளிமகுடம் ஒன்று தோன்றும். அது சூரியனுக்கு உரியதா, சந்திரனுக்கு உரியதா, அன்றி நமது பூமியின் காற்றிலே ஒளி சிதறுவதால் உண்டாகும் வெறுந்தோற்றமா என்று அறிஞர் பல்லாண்டு வாதாடினர். கையால் வரைந்த சித்திரங்கள் வழக்கைத் தீர்க்க உதவவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இருவர் வரைந்தவையே ஒத்திருப்பதில்லை. இரண்டு நிமிட நேரத்தில், வியப்பால் நடுங்கும் கையோடு, யார்தான் சரியாக வரைவர்? பொய் சொல்லாத சாட்சி ஒன்று தேவைப்பட்டது.

அந்தச் சாட்சியை உண்டாக்கியோர் யார் என்று தேடப் புகுந்தபோதுதான் நாம் இக்கட்டுரைப் பொருளைக் கண்டடைந்தோம். வானத்தைப் படம்பிடிக்கும் கலையை வளர்த்தோருட் பெரும்பாலோர் வானசாஸ்திரத்தைச் சீவனோபாயமாகக் கொண்டவரல்லர். கடதாசி வியாபாரி, வைத்தியர், மணிக்கூட்டு வணிகர், கட்டட ஒப்பந்தகாரர், புகைப்படக் கடைப் பையன் என்று இப்படிப் பிறதொழில் செய்தோரே அவர்கள்.

1839இல் பிரான்சிலே டகேர் தமது படப்பிடிப்பு முறையை வெளியிட்டார். மறு ஆண்டே நியூயோர்க்கில் இரசாயனப் பேராசிரியராயிருந்த ஜோன் வில்லியம் டிறேப்பர் இருபது நிமிட நேரம் ஒளிபட விட்டுச் சந்திரனைப் படமாக்கினார். 1850இல் ஹார்வார்ட் வானிலையத்தில் விப்பிள் என்னும் பொஸ்டன் நகரப் புகைப்படக்காரரும் வானிலைய அதிபர் பொண்டும் சேர்ந்து ஒரு நட்சத்திரத்தை முதன்முதலாகத் தகட்டிற் பதித்தனர். அது வீகா, நம்முடைய நூல்கள் அபிஜித் என்று சொல்லும் நட்சத்திரம். 1857இல் அதே இடத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படம் நமக்கு மேலும் நெருக்கமானது. இரட்டை நட்சத்திரம் என்று முதலிற் படமாகியவை மிசாரும் அல்கோரும், அதாவது வசிட்டரும் அருந்ததியும். நம் கலியாண வீடுகளில் ஐயர் மணமக்களுக்குக் காட்டும் அதே அருந்ததி!

இவை நல்ல தொடக்கங்களேயாயினும் அக்கால அரச வானிலையங்கள் இவற்றிற் பெரிதும் ஈடுபடவில்லை. அவற்றுக்கு வேறு கடமைகள் இருந்தன. கப்பலோட்டிகளுக்கு நேரம் சொல்லவேண்டும். நட்சத்திரங்களின் நிலையை இரவு தோறும் அளந்து அட்டவணைப்படுத்தவேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஒரு தகடு பழுதாயிற்று, இன்னொன்று பழுதாயிற்று என்று ஆண்டுக்கணக்காகக் கணக்குக் காட்டமுடியுமா? தம் பணத்தையும் தம் நித்திரையையும் செலவழிப்பவராலேதான் அது முடியும்.

அப்படிச் செலவழித்தவருள் முதல்வர் வொறன் டி லா ரூ. பழைய இலங்கை முத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியோர் இப்பெயரை அறிவர். முத்திரைகளையும் பின்னர் நமது நாணயத்தாள்களையும் அச்சிட்ட கம்பனியின் குடும்பத்தவர் அவர். 1851இல் இலண்டன் மாநகரப் பொருட்காட்சியில் பொண்ட் எடுத்த சந்திரப் படத்தைக் கண்டு ஆசை கொண்டார். ஆனால் அவருடைய தொலைகாட்டியிற் பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து அதனைத் திருப்பும் மணிக்கூட்டுப் பொறி இருக்கவில்லை. வானம் மணிக்குப் 15 பாகை நகரும். தகடு நின்ற இடத்தில் நின்றாற் படம் இழுபட்டுப்போம். அவர் என்ன செய்தார்? தகட்டைத் தாங்கும் சட்டத்தை நகரக்கூடியதாகச் செய்து, ஈரத் தகட்டினூடே தெரிந்த சந்திரனின் ஒரு பள்ளத்தைக் கண்ணாற் பற்றிக்கொண்டு, கையாலேயே தகட்டைச் சந்திரனோடு நகர்த்திச் சென்றார். பல முயற்சிகளின் பின் அதைக் கைவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் பொறியோடு கூடிய வானிலையம் அமைத்தார். 1860இற் பெரிய கமரா ஒன்றை ஸ்பானியாவுக்குக் கொண்டுசென்று பூரண சூரிய கிரகணத்தைப் படம் எடுத்தார். அதே நாட்டில் ஏறத்தாழ 380 கிலோமீற்றர் அப்பால் நின்ற செக்கி என்னும் பாதிரியாரின் படத்தோடு அதனை ஒப்பிட்டபோது, மறைந்த வட்டத்தின் ஓரத்தில் எழும் செந்தீப் பிழம்புகள் இரண்டிலும் ஒரேவிதமாய் இருக்கக் காணப்பட்டன. அவை சூரியனுக்கே உரியவை என்பது அன்றோடு முடிந்தது. மகுடத்தைப் பற்றிய வழக்கு மாத்திரம் எஞ்சிநின்றது.

இதற்கிடையில் நடந்த சிறு சம்பவம் ஒன்று நம்மை மிகவும் வருத்தியது. 1858இல் டொனாட்டி வால்வெள்ளி பெரும் அழகோடு தோன்றிற்று. செப்டெம்பர் 27ஆந் திகதி இங்கிலாந்தின் சரே மாகாணத்தில் அஷர்வுட் என்னும் ஓவியர், மனிதர் முகத்தைப் படம்பிடிக்கச் செய்த சாதாரண வில்லையால் ஏழு விநாடியில் அதனைப் படமாக்கினார். உலகில் முதன்முதலாகப் படமாகிய வால்வெள்ளி அது. ஹார்வார்ட் வானிலையத்தின் பெரிய தொலைகாட்டி மறுநாள் எடுத்த படமோ தலைப்பாகத்தை மட்டுமே காட்டிற்று. அத்துணை பெரிய வெற்றி பெற்றவரின் தகடு இன்று எங்குமில்லை, தொலைந்துபோயிற்று. எடுத்தார் என்ற செய்தி மாத்திரமே மிஞ்சியிருக்கிறது.

முகப்படத்தின் பேச்சு வந்ததால் ஒன்றைக் கூறிச் செல்வோம். முகப்படக் கலையிற் பெரும்புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தம் இறுதிக் காலத்தை இலங்கையிற் கழித்து, 1879இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எடுத்த முகப்படங்களுட் சிறந்தது வானசாஸ்திரி ஜோன் ஹேர்ஷல் அவர்களுடையது. வெள்ளியுப்பைக் கரைத்துப் படத்தை அழியாமல் நிலைக்கச் செய்யும் மருந்தைக் காட்டித் தந்தவர் அந்த ஹேர்ஷலே. வானமும் முகமும் படக்கலையிற் சொந்தக்காரர் போலும்.

இனி 1871க்கு மீள்வோம். பேக்கலில் லிண்சே பிரபு தம் செலவில் அனுப்பிய டேவிஸ் என்பவர் படமெடுத்தார். நீலகிரியின் தொட்டபெட்டா மலையுச்சியிற் கேணல் டெனன்ட் குழுவினர் எடுத்தனர். யாழ்ப்பாணத்தில் ஹொக் எடுத்தார். பேக்கலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 600 கிலோமீற்றருக்கு மேலான தூரம்; காற்று வேறு, கமரா வேறு, கை வேறு, நேரமும் சில நிமிடம் வேறு. பூமியின் காற்று செய்த மாயமாயின் படங்கள் இடத்துக்கு இடம் மாறியிருக்கவேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து சென்ற படங்களை ஒப்பிட்டபோது அதே கதிர்கள், அதே பிளவுகள், அதே இடங்களிற் காணப்பட்டன. ஒளிமகுடம் சூரியனுடையதே என்று வழக்குத் தீர்ந்தது. நமது ஊரும் அவ்வழக்கில் ஒரு சாட்சிக்கூண்டாக நின்றது என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டாமா? பாடப்புத்தகங்களில் நாம் இதனைக் கண்டதில்லை.

அதே 1871இல் இங்கிலாந்தில் மடொக்ஸ் என்னும் வைத்தியர் செலற்றின் பூசிய உலர்தகட்டைப் பற்றி எழுதினார். ஈரத்தகடு பத்து நிமிடத்தில் உலர்ந்து வீணாகும். உலர்தகட்டையோ மணிக்கணக்காக வானத்துக்குத் திறந்து வைக்கலாம். எல்லாவற்றையும் மாற்றியது இதுவே. நமது கண் ஒரு மங்கலான பொருளை ஒரு விநாடி பார்த்தாலும் ஒரு மணி பார்த்தாலும் அதே அளவையே காணும். தகடு அப்படியன்று, அது துளித்துளியாகச் சேமித்து வைக்கும். உண்டியலிற் சதம் போடுவது போல.

1880 செப்டெம்பர் 30ஆந் திகதி, முன்னர் சொன்ன டிறேப்பரின் மகனான வைத்தியர் ஹென்றி டிறேப்பர் 51 நிமிடம் திறந்து வைத்து ஓரியன் வான்புகையுருவைப் படமாக்கினார். அது எங்கே உள்ளது என்பதை நாம் எளிதிற் காட்டலாம். திருவாதிரை நட்சத்திரம் செந்நிறமாய் ஒளிரும். அதனையடுத்து ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றின் கீழே தொங்கும் சிறு வரிசையின் நடுவில் மங்கிய புகை போன்று தெரிவதே அது. மார்கழியில் விடியற்காலம் திருவெம்பாவை பாடச் செல்லும் இளைஞர் மேற்கு வானிற் பார்க்கலாம். ஆனால் ஆருத்திரா தரிசனத்தன்று பார்க்கவேண்டாம். அன்று முழுமதி அருகில் நின்று எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். 1883இல் இலண்டனை அடுத்த ஈலிங்கில், கழிவுநீர்ப் பொறியியலாளராயிருந்த கொமன் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்து 36 அங்குல ஆடித் தொலைகாட்டியால் 37 நிமிடத்தில் அதே புகையுருவை எடுத்தார். எந்தத் தொலைகாட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் அத்தகட்டில் இருந்தன. கண்ணைத் தகடு வென்றது அன்று.

இவ்விரண்டுக்கும் இடையில் 1882இற் பட்டப்பகலிலும் தெரிந்த பெரிய வால்வெள்ளி வந்தது. தென்னாபிரிக்க நன்னம்பிக்கை முனை வானிலையத்தின் தலைவர் டேவிட் கில், அபடீன் நகரில் மணிக்கூட்டு வியாபாரஞ் செய்துகொண்டு சந்திரனைப் படமெடுத்துப் பெயர்பெற்றே அப்பதவிக்கு உயர்ந்தவர். அவர் பக்கத்து ஊராகிய மோபிரேயிலிருந்த அலிஸ் என்னும் புகைப்படக்காரரை அழைத்து, அவருடைய முகப்படக் கமராவைத் தொலைகாட்டியோடு கட்டி வைத்தார். வால்வெள்ளி நன்றாக விழுந்தது. ஆயின் கில் வியந்தது வால்வெள்ளியையன்று, அதன் பின்னால் எண்ணற்ற நட்சத்திரங்கள் விழுந்திருந்ததையே. வானத்தை இப்படியே தகட்டில் எடுத்து வீட்டிலிருந்து அளக்கலாமே என்று அவருக்குப் பட்டது. அதன் பயனாகப் பின்னர் வெளிவந்த தென்வான அட்டவணையில் 4,54,875 நட்சத்திரங்கள் இடம்பெற்றன.

எல்லாரிலும் நம் மனத்தைக் கவர்ந்தவர் எட்வர்ட் எமேர்சன் பார்னாட். 1857இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிற் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தை இறந்தார். வீட்டிற் கொடிய வறுமை. பள்ளிக்கூடம் போனது இரண்டு மாதமளவே. ஒன்பதாம் வயதில் ஒரு புகைப்படக் கடையில் வேலைக்கு வைத்தார்கள். அக்காலத்திற் படத்தைப் பெரிதாக்கச் சூரிய வெளிச்சமே வேண்டும். அதற்கான பெரிய இயந்திரம் கடையின் கூரைமேல் இருந்தது. சூரியன் நகர நகர அவ்வியந்திரத்தைச் சில்லுகளாற் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருப்பதே சிறுவனுடைய வேலை. முன்னிருந்த பையன்கள் வெயிலிலே தூங்கிவிட்டார்களாம், இவர் தூங்கவில்லை. பின்னாளில் இரவு இரவாக நட்சத்திரத்தைக் குறிதவறாது தொடர்ந்த கண்ணும் கையும் அந்தக் கூரையிலேதான் பழகின என்று நாம் கருதுகிறோம்.

வளர்ந்தபின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கான 380 டொலர் கொடுத்து 5 அங்குலத் தொலைகாட்டி ஒன்று வாங்கினார். 1877இல் அவ்வூருக்கு வந்த பெரும் வானசாஸ்திரி நியூகொம் அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, கணிதம் கல்லாதவன் தொலைகாட்டியை மூட்டைகட்டி வைப்பதே நன்று என்ற கருத்தில் விடை வந்தது. இளைஞர் ஒரு தூணின் பின்னே நின்று அழுதார். பிறகு கணிதமும் படித்தார், வால்வெள்ளிகளையும் தேடினார். வால்வெள்ளி ஒன்றுக்கு 200 டொலர் பரிசென ஒரு செல்வர் அறிவித்திருந்தார். அப்பரிசுப் பணத்தாற் பார்னாட் ஒரு வீடே கட்டினார்.

1888இற் கலிபோர்ணியாவின் லிக் வானிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே உலகிற் பெரிய 36 அங்குலத் தொலைகாட்டி இருந்தது. பார்னாட் பால்வீதியைப் பிடித்ததோ சான் பிரான்சிஸ்கோவின் புகைப்படக் கடையொன்றில் முகம்பிடித்துப் பழசான 6 அங்குல வில்லையால். பெரிய தொலைகாட்டி வானத்தின் ஒரு நுனியையே காட்டும். முகப்பட வில்லை அகன்ற வானத்தை ஒரே தகட்டில் அள்ளும். 1889 முதல் அவர் எடுத்த படங்களிற் பால்வீதி முகிற்குவியலாய் எழுந்தது. அதனிடையே கரிய வாய்க்கால்களும் குழிகளும் தென்பட்டன. அவை வெற்றிடம் என்றே அவரும் முதலில் எண்ணினார். பல்லாண்டுப் படங்கள் சேர்ந்தபின்னரே, ஒளியை மறைக்கும் கரிய தூசிமுகில்கள் அவை என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்தார். 1919இல் அத்தகைய 182 இடங்களை அட்டவணைப்படுத்தினார். தாம் சொன்னதைத் தம் படத்தைக் கொண்டே திருத்திக்கொள்ளும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

ஐசாக் ரொபேட்ஸ் லிவர்பூலிற் கட்டட ஒப்பந்தகாரர். 1886இல் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை மூன்று மணிநேரம் எடுத்து, ஆறுமுகப் பெருமானுக்குப் பாலூட்டிய அன்னையர் என நாம் வணங்கும் அந்நட்சத்திரங்களைச் சூழ மெல்லிய புகைத்திரை படர்ந்திருப்பதைக் காட்டினார். 1888இல் அந்திரொமீடாப் புகையுருவைப் பல மணிநேரம் எடுத்தார். கண்ணுக்கு மங்கலான புள்ளி போன்றிருந்தது சுருள் வளையங்களாகத் தகட்டில் விரிந்தது. புதிய சூரிய குடும்பமொன்று உருவாகிறது என்று அவர் மகிழ்ந்தார். அக்கருத்துப் பிழை, அது நமது பால்வீதிக்கு அப்பாற்பட்ட, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள இன்னொரு நட்சத்திரப் பேருலகம். அதனை 1923இல் ஹபிள் எடுத்த தகடுகள் வெளிப்படுத்தின. ரொபேட்சின் விளக்கம் போயிற்று, படம் நிற்கிறது.

பின்னர் பெரிய மலைகளிற் பெரிய தொலைகாட்டிகள் எழுந்தன. பொழுதுபோக்காளர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். 1969இல் அமெரிக்காவில் பொயிலும் சிமித்தும் கண்டுபிடித்த மின்னணுச் சில்லு தகட்டின் இடத்தைப் பிடித்தபின் நிலைமை மீண்டும் மாறிற்று. 2016 செப்டெம்பரில் ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரிற் பூட்டுத் தொழிலாளியான விக்டர் புசோ, புதிதாக வாங்கிய கமராவைப் பரீட்சிக்க வீட்டு மேன்மாடியிலிருந்து ஓர் அண்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வெடிக்கத் தொடங்கிய ஒரு நட்சத்திரத்தின் முதல் ஒளி அப்படங்களில் அகப்பட்டது. ரொபேட்ஸ் எடுத்த அதே அந்திரொமீடாவின் அருகில், உயிர்வளி வாயுவால் ஒளிரும் பெரிய வில்லொன்று இருப்பதை 2022இற் கண்டவர்களும் பொழுதுபோக்காளரே: டிரெக்ஸ்லர், ஸ்ட்ரொட்னர், செயின்ரி. நூறு மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒளியைச் சேர்த்த படம் அது. அதுவரை உலகிலே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றின் பக்கத்தில் அவ்வளவு பெரியது ஒளிந்திருந்ததே!

நம் நாட்டுக் கதை என்ன? 1955 ஜூன் 20ஆந் திகதி பூரண கிரகணத்துக்காக இலங்கைக்கு வந்த வெளிநாட்டு அறிஞருட் பலரை முகில் ஏமாற்றி அனுப்பியது. 2010 ஜனவரி 15ஆந் திகதி, தைப்பொங்கலின் மறுநாள், தை அமாவாசையன்று, போர் ஓய்ந்து எட்டு மாதமேயான வடபகுதியின் மேலே சூரியன் கங்கணமாய்த் தெரிந்தது. 2019 டிசெம்பர் 26ஆந் திகதி காலையிலும் அவ்வாறே தெரிந்தது. கிரகண காலத்திற் கோயில் நடைசாத்துவதும் விட்டபின் நீராடுவதும் நம் பெரியோர் வகுத்த ஒழுங்கு. அதற்கும் படமெடுப்பதற்கும் பகையில்லை. இவ்விரு நாளிலும் நம் இளைஞர் படமெடுத்திருப்பர். அப்படங்கள் எங்கே? உடைந்த கைத்தொலைபேசிகளோடும் பழுதான கணினிகளோடும் எத்தனை போயினவோ. அஷர்வுட்டின் தகடு போன வழி அதுவே.

ஆகவே வைத்திருப்போர் ஒரு பிரதியைக் கடதாசியில் எடுத்து, எடுத்த இடம், நேரம், கமரா, எடுத்தவர் பெயர் என்பவற்றைப் பின்புறத்தில் எழுதிச் சங்க நூல்நிலையத்திற் சேர்ப்பிக்குமாறு கேட்கிறோம். இரவு வானுக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. முக்காலியில் ஆடாமல் நிறுத்திய கைத்தொலைபேசியே போதும். பத்துப் பதினைந்து விநாடி திறந்து வைத்தாற் கார்த்திகையும் திருவாதிரையும் விழும். வீதி விளக்கின் வெளிச்சம் படாத வயல்வெளியோ கடற்கரையோ தேடிக்கொள்க. நம்மூரிற் துருவ நட்சத்திரம் அடிவானுக்கு மேல் பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். பனைகள் மறைக்காத வடதிசை வேண்டும். சூரியனை எடுப்பவர் மட்டும் அதற்கென்று செய்த வடிதாள் இன்றிக் கண்ணையோ கமராவையோ அதன்பக்கம் திருப்பவேண்டாம்.

அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21ஆந் திகதி, புதன்கிழமை, நண்பகல் கடந்தபின் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்து செல்லும்.